செஷல்ஸ்: நிதானம் எங்கிருந்து வந்தது?

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு நம் குடியிருப்பில் எழும்போதெல்லாம் ஊட்டி, கொடைக்கானலைத் தாண்டி இப்போது மாலத்தீவு, மொரீஷியஸ், செஷல்ஸ் என்ற பெயர்களும் காதில் விழுகின்றன. செஷல்ஸுக்கு நம்மவர்கள் விசா எடுக்கத் தேவையில்லை. இணையத்தில் பயண அனுமதி வாங்கினால் போதும். புதுமணத் தம்பதிகள் போகிறார்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் போகிறார்கள். திரும்பி வந்து எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அங்கே யாருக்கும் அவசரமே இல்லை." கடைக்காரர் பேசி முடித்த பிறகுதான் சில்லறை எண்ணுகிறார். பேருந்து வந்தால் வந்தது. லா டீக் என்ற குட்டித் தீவில் காரைப் பார்ப்பதே அபூர்வம், சைக்கிள்தான் எல்லாம். சிலகாலம் முன்புவரை படகுத்துறையிலிருந்து விடுதிக்கு மாட்டுவண்டியில்தான் பெட்டிகள் போயின.

சந்தோஷம். போய் அனுபவித்து வாருங்கள். ஆனால் போவதற்கு முன்பு இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போனால், அங்கே பார்க்கும் சில பொருள்கள் உங்களோடு பேசும். அந்த நிதானம் கடலும் காற்றும் தென்னையும் தானாகக் கொடுத்ததல்ல. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் நம் சென்னைக்கும் சிறிய பங்கு உண்டு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பெருங்கடலில், பூமத்திய ரேகைக்குச் சற்றே தெற்கில், 115 தீவுகள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 1,500 கி.மீ.க்கு மேல், மும்பையிலிருந்து 3,200 கி.மீ. பெரிய தீவு மாஹே, அதுவே 27 கி.மீ. நீளம்தான். தலைநகர் விக்டோரியா அதில் இருக்கிறது. அடுத்தது பிராலின். அதற்குப் பக்கத்தில் 10 சதுர கி.மீ. பரப்பில் லா டீக். அங்கே வசிப்பவர்கள் சுமார் 3,000 பேர். மொத்த நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய ஒரு லட்சம். வேளச்சேரியையும் தாம்பரத்தையும் தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணிக்கை சிரிப்பை வரவழைக்கும்.

விளம்பரப் படங்களில் நீங்கள் பார்க்கும் அந்த உருண்டு திரண்ட பாறைகள் சுமார் 75 கோடி ஆண்டு வயதான கருங்கல். கடல் நடுவில் இருக்கும் தீவுகள் பெரும்பாலும் எரிமலையாலோ பவளத்தாலோ ஆனவை. இவை அப்படியல்ல, பழைய கண்டத்தின் துண்டு. சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்திய நிலத்தோடு ஒட்டியிருந்து, பிறகு விடுபட்டு அங்கேயே நின்றுவிட்டது. நாம் வடக்கே நகர்ந்து வந்துவிட்டோம். ஒரு வகையில் பிரிந்துபோன பங்காளி வீடு.

மாஹே என்ற பெயரைக் கேட்டதும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மாஹே நினைவுக்கு வரும். தீவின் பெயர் மாஹே தெ லா பூர்தொனே என்ற பிரெஞ்சுக்காரருடையது. மொரீஷியஸின் ஆளுநராக இருந்தவர். 1742இல் லசார் பிக்கோ என்ற மாலுமியை இந்தத் தீவுகளைப் பார்த்து வரும்படி அனுப்பினார். பிக்கோ 1744இல் மறுபடி வந்தபோது தன் எஜமானரின் பெயரைப் பெரிய தீவுக்கு வைத்தார். அதே லா பூர்தொனேதான் 1746 செப்டம்பரில் கப்பல்களோடு நம் சென்னைக் கடற்கரைக்கு வந்து புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தவர். அப்போது கோட்டைக்குள் சிக்கிய எழுத்தர்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். மூன்றாண்டு கழித்துத்தான் கோட்டை ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தது. கோட்டையைப் பிடித்த லா பூர்தொனே அதற்குள் புதுச்சேரி துப்ளேயோடு சண்டை போட்டு, பிரான்சுக்குப் போய் பஸ்தீல் சிறையில் இருந்தார். அவர் பெயரைத் தாங்கிய தீவு மட்டும் ஆளில்லாமல் அமைதியாக இருந்தது.

ஆம், ஆளில்லாமல்தான். இது முக்கியமான விஷயம். "பூர்வகுடிகளின் நிதானமான வாழ்க்கை" என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதைக் கண்டால் நம்பாதீர்கள். செஷல்ஸில் பூர்வகுடி என்று யாரும் இல்லை. ஆமையும் முதலையும் பறவையும்தான் இருந்தன. 1756இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு கல்லை நட்டு, தீவுகள் தங்களுடையவை என்று அறிவித்தார்கள். அந்தக் கல்லை விக்டோரியாவின் தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பிரான்சின் நிதியமைச்சராக இருந்த மொரோ தெ செஷல் என்பவரின் பெயரே நாட்டுக்கு வந்தது. குடியேற்றம் நடந்தது 1770இல், மாஹேக்கு எதிரே உள்ள செயின்ட் ஆன் என்ற சிறு தீவில். வந்தவர்கள் 28 பேர்: வெள்ளையர் 15, அடிமைகள் 7, ஒரு கறுப்பினப் பெண், "மலபார்" என்று பதிவான இந்தியர் 5. அன்றைய பிரெஞ்சுக்காரர்களின் வாயில் மலபார் என்றால் தமிழர்களும் அதில் அடக்கம். அந்த நாட்டின் முதல் நாளிலேயே நம் பக்கத்து ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

பிறகு 19ஆம் நூற்றாண்டில் தமிழ் வணிகர்களும் வந்து கடை வைத்தார்கள். இன்று அங்கே பிள்ளை, நாயுடு, செட்டி, படையாச்சி என்ற குடும்பப் பெயர்களைக் கேட்கலாம். அந்தப் பெயர் உடையவர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவராகவும், கிரியோல் மட்டுமே பேசுகிறவராகவும் இருக்கலாம். விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் 1992இல் கட்டப்பட்டது. அங்கே தைப்பூசக் காவடி உண்டு. நாணயத்தின் பெயரும் ரூபாய்தான்.

குடியேறியவர்கள் நிதானமாக வாழ வரவில்லை. அவசரமாகப் பணம் பண்ண வந்தார்கள். மொரீஷியஸில் அதிகாரியாக இருந்த பியேர் புவாவ்ர் என்பவருக்கு ஒரே கனவு: டச்சுக்காரர்களின் பிடியிலிருந்த வாசனைப் பொருள்களைப் பிரெஞ்சு மண்ணில் வளர்ப்பது. (பிரெஞ்சில் புவாவ்ர் என்றால் மிளகு. பெயர்ப் பொருத்தம் இப்படித்தான் அமைய வேண்டும்.) 1772இல் மாஹேயின் ஆன்ஸ் ரோயால் பகுதியில் அரசரின் தோட்டம் போடப்பட்டது. கிராம்பு, ஜாதிக்காய், மிளகு, பட்டை எல்லாம் நட்டார்கள். 1780இல் ஒரு கப்பல் தெரிந்தது. ஆங்கிலேயர் என்று நினைத்து, செடிகள் எதிரி கையில் சிக்கக் கூடாதென்று தோட்டத்துக்குத் தீ வைத்தார்கள். வந்தது பிரெஞ்சுக் கப்பல்தான்.

எட்டாண்டு உழைப்பு ஒரே நாளில் போயிற்று. ஆனால் பட்டை மரத்தின் பழத்தைப் பறவைகள் தின்று மலையெல்லாம் விதைத்துவிட்டன. இன்று மாஹேயின் மலைச்சரிவுகளில் காடாக நிற்பது அந்தப் பட்டைதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டையும் அதன் எண்ணெயும் நாட்டின் முக்கிய ஏற்றுமதியாகவே ஆயின. அரசாங்கம் அவசரப்பட்டுச் செய்ததை எரித்தது; பறவை மெதுவாகச் செய்தது நிலைத்தது. போனால் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள்.

இன்னொருவரையும் விட்டுவிட மனமில்லை. கேவோ தெ கென்சி என்ற பிரெஞ்சு ஆளுநர். 1794இல் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் வந்து நின்றபோது அவரிடம் சண்டை போடப் படையே இல்லை. சரணடைந்தார். கப்பல்கள் போனதும் பிரெஞ்சுக் கொடியை மறுபடி ஏற்றினார். அடுத்த கப்பல் வந்தது, மறுபடி சரண். இப்படி ஏழு முறை. நடுவில் 'செஷல்ஸ் சரணாகதி' என்று எழுதிய ஒரு கொடியே தயாராயிற்று. அதைப் பறக்கவிட்டால் ஆங்கிலக் கப்பல் தண்ணீரும் ஆமையும் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் போகும். 1811இல் ஆங்கிலேயர் வந்து நிரந்தரமாகவே தங்கிவிட்டார்கள். கென்சி என்ன செய்தார்? பெயரைக் குவின்சி என்று ஆங்கிலமாக்கிக்கொண்டு அவர்களிடமே நீதிபதி வேலையில் சேர்ந்தார். 1827இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவருடைய கல்லறை இன்றைய அரசு மாளிகை வளாகத்தில் உள்ளது. அலட்டிக்கொள்ளாமல் காலம் தள்ளுவதற்குத் தேசிய விருது இருந்தால் அவருக்குக் கொடுக்கலாம்.

ஆனால் கென்சியின் நிதானத்தைத் தாங்கியவர்கள் வேறு ஆட்கள். மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள். மக்களில் மிகப் பெரும்பான்மை அவர்கள்தான். பருத்தித் தோட்டங்களில் விடியலில் மணி அடிக்கும், சாட்டை எழும்பும். அவர்களுக்கு எதுவும் மெதுவாக இல்லை. 1835இல் அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலை ஆனவர்கள் சுமார் 6,500 பேர். அதற்குப் பிறகும் 'தொழில் பயிற்சி' என்ற பெயரில் 1839 வரை பழைய முதலாளியிடமே வேலை செய்ய வைத்தார்கள்.

1839க்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் மையம். விடுதலை பெற்றவர்களில் பலர் தோட்ட வேலைக்கு முழுநேரம் வர மறுத்தார்கள். ஒரு துண்டு நிலத்தில் குடிசை போட்டுக்கொள்வார்கள். அதற்கு ஈடாக வாரத்தில் சில நாள் மட்டும் முதலாளிக்கு வேலை. மீதி நாள் தங்களுடையது. மீன் பிடிப்பது, மரவள்ளி நடுவது, கள் இறக்குவது. கூலியை ஏற்றிக் கொடுத்தாலும் கூடுதல் நாள் வர மாட்டார்கள். ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் திரும்பத் திரும்ப எழுதிவைத்த புகார் ஒன்றே: சோம்பேறிகள். இந்தச் சொல்லை நாம் தோட்டக்காரரின் கண்ணால் படித்துப் பழகிவிட்டோம். மணி அடித்தால் ஓட வேண்டும் என்று தலைமுறையாக அடி வாங்கியவன், மணி அடித்தும் எழாமல் உட்கார்ந்திருக்க முடிகிறது என்றால் அதற்குப் பெயர் சோம்பலா? எனக்கு அது அவன் முதன்முதலாகக் கையில் எடுத்துக்கொண்ட சொத்தாகத் தெரிகிறது. நிலம் கொடுக்கவில்லை, பணம் கொடுக்கவில்லை. நஷ்டஈடுகூட முதலாளிகளுக்குத்தான் போனது. நேரம் மட்டும்தான் அவனிடம் இருந்தது.

ஆள் கிடைக்காததால் பயிரும் மாறியது. அமெரிக்கப் பருத்தியின் போட்டியில் செஷல்ஸ் பருத்தி ஏற்கெனவே சரிந்திருந்தது. அந்த இடத்துக்குத் தென்னை வந்தது. தென்னைக்கு அதிக ஆள் வேண்டாம். காய் தானாக விழும். பொறுக்கி, மட்டை உரித்து, உடைத்து, கொப்பரையாகக் காய வைத்தால் போதும். நம் ஊரில் வெயிலில் காய வைப்போம். அங்கே மழை அதிகம், அதனால் 'கலோரிஃபே' என்ற சூளையில், மட்டையையும் சிரட்டையையும் எரித்து உலர்த்தினார்கள். வேலை மணிக்கணக்கில் அல்ல, காய்க்கணக்கில். இத்தனை காய் உரித்துப் போட்டுவிட்டால் அன்றைய பாடு முடிந்தது. கைத்திறன் உள்ளவன் விடியலில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவான். பிற்பகல் முழுவதும் கடலோரத்தில் படகைச் சரிசெய்துகொண்டு இருப்பான். வெளியூரிலிருந்து வந்து பிற்பகலில் மட்டும் பார்த்துவிட்டு, "இவர்களுக்கு வேலையே கிடையாது போல" என்று எழுதிய பயணிகள் விடியலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இரவுக்கு மூத்யா இருந்தது. ஆட்டுத்தோல் கட்டிய பறைகளைத் தீயில் காட்டிச் சூடேற்றி, நெருப்பைச் சுற்றி ஆடும் ஆட்டம். அடிமைக் காலத்தில் பகலில் சொல்ல முடியாத வசவையும் கேலியையும் அதன் பாட்டில் வைத்தார்கள். 1935இல் ஒரு விதி போட்டு, நகரப் பகுதியில் இரவு ஒன்பது மணிக்கு மேல் பறை அடிக்கக் கூடாதென்று தடுத்தார்கள். 2021இல் யுனெஸ்கோ அதே மூத்யாவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நம் பக்கத்துப் பறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை நான் விளக்க வேண்டியதில்லை.

விக்டோரியாவின் நடுவில் வெள்ளி நிறம் பூசிய சின்ன மணிக்கூண்டு ஒன்று உண்டு. எல்லோரும் அதன்முன் படம் எடுத்துக்கொள்வார்கள். 1903இல், செஷல்ஸ் மொரீஷியஸிலிருந்து பிரிந்து தனிக் காலனி ஆன ஆண்டில், மறைந்த விக்டோரியா அரசியின் நினைவாக நிறுவியது. லண்டனில் வாக்ஸ்ஹால் பாலச் சாலை முனையில் இருக்கும் கடிகாரத்தின் நகல். கப்பலிலிருந்து இறக்கும்போது ஊசல் கடலில் விழுந்துவிட்டது என்றும், அதனால் மணி ஒலிக்கவே இல்லை என்றும் சொல்வார்கள். கிட்டத்தட்ட நூறாண்டு கழித்து, 1999இல்தான் அதற்குப் புது இயந்திரம் வைத்தார்கள். பேரரசு நேரத்தை அனுப்பி வைத்தது. தீவு அதன் சத்தத்தைக் கடலில் போட்டுவிட்டது! பக்கத்துத் தேவாலயத்துக் கடிகாரத்தின் கதை இதற்கு நேரெதிர். அது ஒவ்வொரு மணியையும் இரண்டு முறை அடிக்கும். முதல் தடவை எண்ணத் தவறியவர்கள் இரண்டாவது தடவை எண்ணிக்கொள்ளலாம். அலெக் வா என்ற ஆங்கில எழுத்தாளர் 1951இல் வெளியிட்ட பயணநூலின் தலைப்பே இந்த இரட்டை மணியிலிருந்து வந்ததுதான்.

கடிகாரத்தைவிடத் தீவின் நேரத்தை நிர்ணயித்தது கப்பல். 1893இல் சான்சிபாரோடு தந்திக் கம்பி இணைந்தது. செய்தி வேகமாக வரும், சாமான் வராது. பம்பாய்க்கும் மொம்பாசாவுக்கும் இடையே ஓடிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்கள் சில வாரங்களுக்கு ஒரு தடவை மாஹேயில் நிற்கும். அரிசி, துணி, கடிதம், மருந்து, மாப்பிள்ளை எல்லாம் அதில்தான். கப்பல் வரும் நாள் திருவிழா. மற்ற நாளெல்லாம் காத்திருப்பு.

இந்தக் காத்திருப்பை ஆங்கிலேயர் இன்னொரு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். தொல்லை கொடுக்கும் அரசர்களைக் கொண்டுவந்து வைக்க இதைவிட நல்ல இடம் உண்டா? 1877இல் மலாய் நாட்டின் பேராக் சுல்தான் அப்துல்லா. பிறகு உகாண்டா பக்கத்து அரசர்கள் இருவர், கபலேகாவும் முவாங்காவும். முவாங்கா 1903இல் அங்கேயே இறந்தார். எகிப்தின் சாத் சக்லூல், சைப்ரஸின் பேராயர் மக்காரியோஸ் என்று வரிசை 1957 வரை நீள்கிறது. இவர்களில் எனக்கு மனதில் நிற்பவர் பிரெம்பே. இன்றைய கானாவில் உள்ள அசாந்தி நாட்டின் அரசர். 1896 ஜனவரியில் கூமாசியில் கைதானபோது இளைஞர். 1900இல் தாயோடும் உறவினர்களோடும் செஷல்ஸுக்கு வந்து இறங்கினார். அசாந்தியில் படை திரட்டிப் போரிட்ட மூதாட்டி யா அசந்தேவாவும் அடுத்துக் கொண்டுவரப்பட்டார்.

அவர்களுக்கு வீடு கொடுத்தார்கள், படித்தொகை கொடுத்தார்கள், கடற்காற்று இலவசம். விளம்பரத்தில் உள்ள எல்லாமே இருந்தது. திரும்பும் டிக்கெட் மட்டும் இல்லை. பிரெம்பே எழுதப் படிக்கக் கற்றார், ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்தார், ஊருக்கு அனுப்பும்படி மனு மேல் மனு போட்டார். 1907இல் தன் குலத்தின் வரலாற்றைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். தாயின் நினைவில் இருந்த பரம்பரைக் கதைகள் அப்படித்தான் ஏட்டில் ஏறின. அசாந்தி வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இன்றும் அது முக்கிய ஆவணம். தாய் 1917இல் இறந்தார். யா அசந்தேவா 1921இல் இறந்தார். பிரெம்பேயை 1924இல் ஊருக்கு விட்டார்கள். கைதான நாளிலிருந்து 28 ஆண்டு. நீங்கள் ஐந்து நாள் தங்கி, "இங்கேயே இருந்துவிடலாம் போல" என்று சொல்லும் அதே கடற்கரைதான்.

லா டீக்கை மறந்துவிடவில்லை. 1768இல் வந்த ஒரு பிரெஞ்சுக் கப்பலின் பெயர் அது. மாஹேயிலிருந்து பாய்மரப் படகில் பல மணி நேரப் பயணம் என்பதால் அங்கே எல்லாமே ஒரு தலைமுறை பின்தங்கி வந்தது. இன்று பிராலினிலிருந்து படகில் கால்மணி நேரம். யூனியன் எஸ்டேட் என்ற பழைய தென்னந்தோட்டத்துக்குக் கண்டிப்பாகப் போங்கள். கொப்பரைச் சூளை இருக்கிறது, மாடு சுற்றும் செக்கும் இருக்கிறது. வெள்ளைக்காரப் பயணிகள் அதை அதிசயமாகப் படம் பிடிப்பார்கள். நம் தாத்தா பாட்டி காலத்து வாணியச் செக்கை அறிந்தவர்களுக்கு வேறு மாதிரி இருக்கும். அந்த மாட்டின் வேகம் நமக்குத் தெரிந்த வேகம்.

பிராலினில் வாலே தெ மே என்ற பனங்காடு. கடல் தேங்காய் மரம் இயற்கையாக வளர்வது உலகிலேயே அங்கேயும் பக்கத்துக் குரியூஸ் தீவிலும்தான். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கடல் தேங்காய் என்று கேட்டால் கிடைக்கிற அதே பொருள். ஒரு காய் முற்ற ஆறேழு வருடம். மரம் காய்க்கத் தொடங்கவே கால் நூற்றாண்டு ஆகலாம். விதை 20 கிலோவுக்கு மேலும் போகும். பச்சைக் காய் கடலில் மூழ்கிவிடும். உள்ளே உளுத்துப்போனதுதான் மிதந்து மாலத்தீவுக்கும் நம் கரைக்கும் வந்தது. எங்கிருந்து வருகிறதென்று தெரியாத காலத்தில் அதற்கு விலையே சொல்ல முடியாது. 1768இல் மரத்தைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே ஒரு கப்பல்காரர் கப்பல் நிறையக் காயை அள்ளி இந்தியாவில் கொண்டுவந்து கொட்டினார். விலை படுத்துவிட்டது.

ஆமைகளின் கதையும் அதே ரகம். சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஓடாது. மாலுமிகளுக்கு இதைவிட வசதியான இறைச்சி ஏது? கப்பல் கப்பலாக அடுக்கி எடுத்துப் போனார்கள். மாஹேயில் காட்டு ஆமை இல்லாமலே போயிற்று. தப்பியது தொலைதூர அல்டாப்ரா தீவில். 1882இல் செஷல்ஸிலிருந்து செயின்ட் ஹெலினா தீவுக்குப் போன ஜோனதன் என்ற ஆமைதான் உலகில் வாழும் நிலவிலங்குகளில் மிக மூத்தது என்று கருதப்படுகிறது.

இனி விமான நிலையம். செஷல்ஸில் இறங்கும் ஒவ்வொரு பயணியும் மாஹேயில் கடலைத் தூர்த்துப் போட்ட ஓடுபாதையில்தான் இறங்குகிறார். 1971 ஜூலையில் அது திறந்தது. அதுவரை கப்பலில் வந்தவர்கள் சொற்பம். 2019இல் வந்தவர்கள் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். 'அவசரமில்லாத தீவு' என்பதை விற்க முடிந்ததே அவசரமாக வந்து போக வழி கிடைத்த பிறகுதான். அந்த ஓடுபாதையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

1965 நவம்பரில் பிரிட்டன் தன் இந்தியப் பெருங்கடல் காலனிகளிலிருந்து சில தீவுகளைப் பிரித்து எடுத்தது. மொரீஷியஸிடமிருந்து சாகோஸ் தீவுகள். செஷல்ஸிடமிருந்து அல்டாப்ரா, ஃபார்குவார், டெரோஷ். அமெரிக்காவுக்கு ராணுவத் தளம் அமைக்க இடம் வேண்டும் என்பதே காரணம். செஷல்ஸுக்கு அதற்கு ஈடாகக் கிடைத்ததுதான் விமான நிலையம். 1976இல் சுதந்திரம் வந்தபோது செஷல்ஸின் மூன்று தீவுகளும் திரும்பி வந்தன. சாகோஸ் திரும்பவில்லை.

மாஹேக்குக் கிழக்கே சுமார் 1,900 கி.மீ. தூரத்தில் இருக்கும் சாகோஸில் 1,500க்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள். தென்னிந்தியத் தொழிலாளர்களின் ரத்தமும் கலந்தவர்கள். அங்கேயும் கொப்பரைதான் வேலை, காய்க்கணக்குதான் கூலி, பிற்பகல் கடலுக்கு. சொல்லப்போனால் லா டீக்கில் நாம் காசு கொடுத்துத் தேடும் வாழ்க்கை அச்சு அசலாக அங்கே நடந்துகொண்டிருந்தது. முதலில் மருத்துவத்துக்கும் உறவினரைப் பார்க்கவும் மொரீஷியஸ் போனவர்களைத் திரும்ப ஏற்ற மறுத்தார்கள். பிறகு சரக்கு வருவதைக் குறைத்தார்கள். டியேகோ கார்சியாவில் வீட்டு நாய்களையெல்லாம் கொன்றார்கள். 1971 அக்டோபரில், அதாவது மாஹே விமான நிலையம் திறந்த மூன்றாம் மாதம், அந்தத் தீவின் கடைசி மக்களும் ஏற்றப்பட்டார்கள். 1973க்குள் மற்றச் சாகோஸ் தீவுகளும் காலி.

நோர்ட்வேர் என்ற கப்பல், கொப்பரை மூட்டைகளோடு மனிதர்களையும் ஏற்றிக்கொண்டு மாஹே வழியாக மொரீஷியஸுக்குப் போய் வந்தது. மாஹேயில் இறங்கியவர்களை அடுத்த பயணம்வரை சிறைக் கட்டடத்தில் தங்க வைத்தார்கள். சிலர் அங்கேயே இறங்கித் தங்கிவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று விடுதிகளிலும் படகுத்துறையிலும் வேலை செய்பவர்களில் இருக்கலாம். சாகோஸை மொரீஷியஸிடமிருந்து பிரித்தது சட்டப்படி முறையாக நடக்கவில்லை என்று 2019இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரை சொன்னது. அதற்கு வெகுமுன்பே, 1982இல், பிரிட்டன் 40 லட்சம் பவுண்டு நஷ்டஈடு கொடுத்திருந்தது. அது மொரீஷியஸில் இறக்கிவிடப்பட்ட சாகோஸ் மக்களுக்கு மட்டும். செஷல்ஸில் இறங்கியவர்களுக்கு அதில் ஒரு பென்னிகூட வரவில்லை.